இரண்டு டன் சின்ன வெங்காயமும் ஒரு மண்டிச் சீட்டும்

ஆலத்தூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இரண்டரை ஏக்கரில் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறேன். கார்த்திகையில் நட்டதில் ஒரு பகுதியை, அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும், மாசி முதல் வாரத்தில் பறித்து மண்டிக்கு அனுப்பினேன். அதற்கான சீட்டு நேற்றுக் கைக்கு வந்தது. எந்த ஊர் மண்டி என்று இங்கே சொல்லப் போவதில்லை. அந்தக் கடைக்காரர் எனக்குப் பொல்லாதவர் அல்லர். மேலும், எந்த ஊர் மண்டிக்குப் போனாலும் சீட்டு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

காட்டில், அதாவது நிலத்திலேயே, என் தராசில் 38 மூட்டைகளை நிறுத்தபோது 2,058 கிலோ இருந்தது. சீட்டில் 1,982 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு. கேட்டால் தூசி, தாள் (வெங்காயத்தின் இலைத்தண்டு), சாக்கின் எடை என்கிறார்கள். கிலோ 24 ரூபாய் வீதம் 47,568 ரூபாய். அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன் 4,757 ரூபாய், மூட்டைக்கு 55 வீதம் லாரி வாடகை 2,090, மூட்டைக்கு 12 வீதம் இறக்குகூலி 456, மகமை (பொதுக் காரியத்துக்கான பிடித்தம்) 76. எல்லாம் போக 40,189 ரூபாய். நட்ட சமயத்தில் விதை வெங்காயத்துக்காக அதே கடையில் வாங்கிய முன்பணம் 25,000 ரூபாயையும் பிடித்துக்கொண்டு 15,189 ரூபாயை அனுப்பியிருக்கிறார்கள். பறிக்கவும் தாள் அறுக்கவும் வந்த 22 பெண்களுக்குத் தலா 350 வீதம் 7,700 ரூபாயும், சாக்குக்கு 1,330 ரூபாயும் நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். ஆக, உரம், மருந்து, களைக்கூலி எதையும் எடுப்பதற்கு முன்பே கையில் நிற்பது 6,159 ரூபாய்.

சீட்டு வந்த அன்று மாலை பெரம்பலூரில் ஒரு மளிகைக் கடையில் அதே தரத்துச் சின்ன வெங்காயம் கிலோ 52 ரூபாய் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். என் கணக்குப்படி காட்டில் நிறுத்த எடைக்குக் கிலோ 19 ரூபாய் 53 காசு வந்திருக்கிறது. இன்னும் ஒன்பது டன் அளவுக்கு நிலத்தில் இருக்கிறது. அதை எப்படி விற்பது என்பதே என் கேள்வி. "இடைத்தரகர்களை ஒழிக்க வேண்டும்" என்ற பதிலை இருபது ஆண்டுகளாகக் கேட்டுவிட்டேன் ஆதலால், அதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒட்டன்சத்திரம் தோட்டம்:

உழவர் சந்தையை முயன்று பார்த்தீர்களா? 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டபோது நான் கல்லூரி மாணவன். என் சித்தப்பா அடையாள அட்டை வாங்கி, விடியற்காலைப் பேருந்தில் கத்தரிக்காய்க் கூடையோடு போய்வந்தார். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அவர்களே தருகிறார்கள், கமிஷனும் இல்லை. மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் அன்றன்றைக்கு விலையை எழுதிப் போடுகிறார்கள். கீரையும் கத்தரியும் அரை ஏக்கரில் வைத்திருப்பவருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு தமிழ்நாட்டில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் நீங்கள் ஒன்பது டன் என்கிறீர்கள். ஒருவர் ஒரு காலையில் அங்கே 60, 70 கிலோ வெங்காயம் விற்றால் அதுவே பெரிது. ஒன்பது டன்னை விற்று முடிக்க நான்கு மாதம் தினமும் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த பட்டத்துக்கு உழவு ஓட்டுவது யார்?

கணக்கப்பிள்ளை:

நான் கமிஷன் கடைக்காரன் மகன். இப்போது கடையில் கணக்கு எழுதுகிறேன். திட்டுபவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டலாம்.

நூற்றுக்குப் பத்து எங்கள் இலாபம் அன்று. உங்களைப் போன்றோரின் சரக்கை நாங்கள் விற்பது ஐந்து ஊர்ச் சில்லறை வியாபாரிகளுக்கும் கேரளத்துக்கு ஏற்றும் இரண்டு பேருக்கும். அவர்களில் ஒருவர்கூட அன்றே பணம் தருவதில்லை. பதினைந்து நாள், இருபது நாள், சிலர் அடுத்த சரக்கு எடுக்கும்போது முந்தைய பாக்கியில் பாதி. நாங்கள் உங்களுக்கு மறுநாளே கொடுத்துவிடுகிறோம். இடையில் நிற்கும் பணம் எங்களுடையது. அதற்கு நாங்கள் வெளியில் வட்டி கட்டுகிறோம். வாங்கியவர் கடையை மூடிக்கொண்டு போனால் அந்தப் பாக்கியும் எங்கள் தலையில்தான். இதையெல்லாம் செய்ய வேறொருவர் ஆறு விழுக்காட்டுக்கு முன்வந்தால் விவசாயி தாராளமாக அங்கே போகலாம்.

கழிவைப் பற்றிச் சொல்கிறேன். பறித்த அன்றே மூட்டை கட்டினால் வெங்காயத்தில் ஈரம் இருக்கும். எங்கள் குடோனில் இரண்டு நாள் கிடந்தால் மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ வரை தானாகவே குறையும். வாங்குபவர் குறைந்த எடைக்குத்தான் பணம் தருவார். ஆனால் காய்ந்து, தாள் சுத்தமாக அறுத்து வந்த சரக்குக்கும் பல கடைகளில் அதே இரண்டு கிலோவைப் பிடிக்கிறார்கள் என்பது உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

விலையை நாங்கள் வைப்பதில்லை. ஆவணி, புரட்டாசியில் கர்நாடகத்துக் குண்டல்பேட்டை, சாம்ராஜ்நகர் சரக்கு இறங்கினால் திண்டுக்கல் விலை விழும். மாசியில் உங்கள் மாவட்டமும் துறையூர்ப் பக்கமும் சேர்ந்தாற்போல் பறித்தால் மறுபடி விழும். உங்கள் 38 மூட்டை வந்த அன்று மற்ற கடைகளிலும் வரத்து கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

ஆலத்தூர்க்காரன்:

கணக்கப்பிள்ளை அவர்கள் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அன்று வரத்து அதிகம் என்பது கடைக்காரருக்கு முந்தின நாள் இரவே தெரியும். எனக்கு ஒரு தொலைபேசி செய்து "நாளை மறுநாள் ஏற்று" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

கணக்கப்பிள்ளை:

சொல்லியிருக்கலாம். ஆனால் வரத்தைக் குறைப்பது கடைக்கு ஆதாயமன்று. எங்களுக்குக் கமிஷன் மொத்த விற்பனைத் தொகையில் சேர்கிறது. 24 ரூபாய்க்கு நூறு மூட்டை விற்பதும் 30 ரூபாய்க்கு எண்பது மூட்டை விற்பதும் எங்களுக்கு ஒரே வருமானம். உங்களுக்கு அப்படி இல்லை. கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

பழைய கண்காணிப்பாளர்:

வேளாண் விற்பனைத் துறையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததன்று. 1933ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்து, 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் விற்பனைக்கூடம் தொடங்கியது. பிறகு 1959இல் ஒரு சட்டம், 1987இல் இப்போது நடப்பிலிருக்கும் சட்டம். அதன்படி விவசாயியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. நூற்றுக்கு ஒரு ரூபாய் சந்தைக் கட்டணத்தை வாங்குபவர் செலுத்துகிறார். எடைக்கூலியும் கழிவும் கிடையாது. மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள்; பிடிக்காவிட்டால் விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை விவசாயிக்கு உண்டு. சரக்கைக் கிடங்கில் வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் குறைந்த வட்டியில் பொருளீட்டுக் கடனாகவும் வாங்கலாம்.

இதன் பலனைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஈரோட்டுக்குப் போக வேண்டும். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறைக் கூடங்களிலும், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்களிலும் மஞ்சளை விரலி, கிழங்கு என்று பிரித்து மாதிரி வைத்திருப்பார்கள். வியாபாரி ஒவ்வொரு குவியலிலும் ஒரு விரலியை எடுத்து முறித்து, உள்நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நகர்வார். நான் அங்கே பணியில் இருந்த காலத்தில், விலை பிடிக்காமல் மூன்று ஏலத்துக்கும் சரக்கை எடுத்துவந்து திரும்பக் கிடங்குக்கே கொண்டுபோன ஒரு பாட்டியை நினைவிருக்கிறது. 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள் 2012இல் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கியபோது, வேகவைத்து உலர்த்திய பொருளாகையால் பலர் வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். நட்டம் வராமல் போய்விடவில்லை. ஆனால் என்று விற்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் இந்த முறை ஏன் ஒட்டவில்லை என்றால், அவற்றை மாதிரி பார்த்து வாங்க முடியாது, குவியலுக்குக் குவியல் மாறும், நாளுக்கு நாள் குறையும். அதைவிட முக்கியமான காரணம், ஏலத்துக்குப் பெட்டி வைத்தால் சீட்டுப் போட வியாபாரிகள் வரவேண்டும். அவர்கள் மண்டியை விட்டு வரமாட்டார்கள், ஏனெனில் கடன் அங்கேதான் கிடைக்கிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையிலும் இதே முட்டுக்கட்டைதான். திரையில் நாடே இணைந்திருக்கிறது. லக்னோவில் இருப்பவர் நம் வெங்காயத்தைப் பார்க்காமல் வாங்குவாரா என்றால், தரத்தை உறுதிசெய்து சொல்ல இங்கே நம்பகமான ஒருவர் வேண்டும்.

ஆலத்தூர்க்காரர் கிலோவுக்கு 19 ரூபாய் 53 காசு என்று போட்ட கணக்கைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. இந்திய ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33 காசும், வெங்காய விவசாயிக்கு 36 காசும், உருளைக்கிழங்கு விவசாயிக்கு 37 காசும் சேர்வதாகச் சொன்னது. அது பெரிய வெங்காயத்தை முன்வைத்த நாடு தழுவிய கணக்கு. இவருடைய சீட்டில் 52 ரூபாய்க்கு 19.53 என்றால் 37 காசு சொச்சம். மண்டிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல இடமே இல்லை. வழக்கமாக நடப்பது இவருக்கும் நடந்திருக்கிறது.

துறைமுகத்துக்காரன்:

தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் ஆவண வேலை பார்க்கிறேன். வரத்து, கமிஷன், கழிவு எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு கை இருக்கிறது; அதைச் சொல்லாமல் சின்ன வெங்காய விலையைப் பேச முடியாது.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், இங்கெல்லாம் நம் சின்ன வெங்காயம் போகிறது. ஆனால் வடநாட்டில் பெரிய வெங்காயத்தின் விலை ஏறும்போதெல்லாம் ஏற்றுமதிக் கதவு நமக்கும் சேர்த்தே சாத்தப்படுகிறது. 2019 செப்டம்பரில் தடை, அடுத்த மார்ச்சில் நீக்கம். 2020 செப்டம்பர் 14இல் மறுபடி தடை, 2021 புத்தாண்டு அன்று நீக்கம். 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு வரி, டிசம்பர் 8இல் முழுத்தடை, 2024 மே மாதத்தில் தடை போய் மறுபடி வரி, செப்டம்பரில் அது 20 விழுக்காடு, 2025 ஏப்ரல் 1இல் அதுவும் நீக்கம். டில்லியில் சின்ன வெங்காயம் யார் வீட்டு அடுப்பிலும் பெரிதாக இல்லை. நாசிக் வெங்காயத்தின் விலைக்கு ஏற்படும் காய்ச்சலுக்குப் பெரம்பலூர் மாவட்டச் செட்டிகுளத்து வெங்காயத்துக்கு ஊசி போடுகிறார்கள்.

2020 அக்டோபரில் பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கும் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் தலா 10,000 டன் விலக்கு கொடுத்தார்கள். உள்நாட்டில் அவற்றை அவ்வளவாக யாரும் வாங்குவதில்லை என்பது காரணம். சின்ன வெங்காயத்தைத் தனியாகப் பிரித்துத் தனிக் குறியீடு கொடுத்து விலக்க வேண்டும் என்று நம் பக்கத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். தடை ஆணை வந்த ஒரு நாள் இரவு, துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்ற கொள்கலன்களைத் திருப்பி அனுப்பியது எனக்கு நினைவில் இருக்கிறது. அந்தச் சரக்கு மூன்றாம் நாள் உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த விலைக்குப் போனது.

வலிகாமம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் கொள்கலன் திரும்பிய அன்று எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) சற்று மூச்சுவிட்டிருப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய வெங்காயம் கொழும்பில் இறங்கினால் வலிகாமத்துச் சிவத்த வெங்காயத்தின் விலை இருந்த இடம் தெரியாமல் போகும். அரசாங்கம் எங்கள் அறுவடைக் காலத்தில் இறக்குமதி வரியை ஏற்றவேண்டும் என்று நாங்கள் கேட்பதும், நீங்கள் அதே காலத்தில் கதவைத் திறக்கச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டு பக்கமும் கேட்பவர் தோட்டம் செய்பவர்தான்.

கழிவைப் பற்றிப் படித்ததும் சிரிப்பு வந்தது. இங்கே சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிக்கும் வழக்கம் இருந்து, கமக்காரர் அமைப்புகள் அதற்கு எதிராகப் பல முறை முறையிட்டிருக்கின்றன. மூட்டைக்கு இரண்டு கிலோ என்றால், ஐயா, நீங்கள் பாக்கியசாலி.

பங்குதாரர் 112:

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் இயக்குநராக இருந்தேன். ஆலத்தூர்க்காரருக்கு யாராவது "நிறுவனம் தொடங்குங்கள்" என்று சொல்வதற்கு முன், எங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

620 பேர் பங்கு போட்டோம். 2020இல் மத்திய அரசு அறிவித்த பத்தாயிரம் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு நிர்வாகச் செலவாக 18 லட்சம் ரூபாய் வரை கிடைத்தது; மேலாளருக்குச் சம்பளம், அலுவலக வாடகை எல்லாம் அதில் நடந்தன. ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்கு வாரம் ஐந்து டன் தருவதாக ஒப்பந்தம். மண்டியைவிடக் கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடுதல் விலை. ஊரே மகிழ்ந்தது.

முதல் வண்டியில் ஏற்றிய ஐந்து டன்னில் 1,400 கிலோவைப் பொடி (மிகச் சிறிய காய்) என்றும் இரட்டைக் காய் என்றும் ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கியதைத் திரும்பக் கொண்டுவர வாடகை எங்களுடையது. அதை மண்டியில் போட்டபோது "அங்காடி கழித்த சரக்கு" என்பது வண்டிக்கு முன்னால் செய்தியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பணம் வர 23 நாள். மூன்றாவது வாரத்தில் மண்டி விலை ஏறியது. உறுப்பினர்களில் பாதிப் பேர் இரவோடு இரவாக மண்டிக்கு ஏற்றிவிட்டார்கள், நாங்கள் அங்காடிக்கு ஒன்றரை டன்தான் அனுப்ப முடிந்தது. ஒப்பந்தம் அதோடு முடிந்தது. இரவில் ஏற்றியவர்களில் என் மைத்துனரும் ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மகளுக்கு அந்த வாரம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

சுற்றி வளைத்துப் பார்த்தால், கணக்கப்பிள்ளை சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறேன். விற்பதற்கு ஆள் கிடைப்பது பெரிய காரியமன்று. விற்ற அன்றைக்குப் பணம் தரக் கைமுதல் இல்லாததால்தான் நாங்கள் தோற்றோம். இப்போது எங்கள் நிறுவனம் உரமும் மருந்தும் விற்றுக்கொண்டிருக்கிறது. அதில் நட்டமில்லை, ஆனால் அதற்காகவா 620 பேர் சேர்ந்தோம் என்று தோன்றும்.

பட்டறை வீடு:

நீங்கள் எல்லாரும் மண்டியையும் டில்லியையும் பேசிவிட்டீர்கள். வெங்காயத்தைப் பற்றி நான் சொல்கிறேன். திருப்பூர் மாவட்டத்தில் நானும் மாமியாரும் மூன்று ஏக்கர் பார்க்கிறோம். கணவர் வெளியூரில் வேலை.

மாசிப் பங்குனியில் பறித்ததில் பாதியை நாங்கள் விற்பதில்லை, பட்டறை போட்டுச் சேமிக்கிறோம். முதலில் காட்டிலேயே தாளோடு மூன்று நாள் வரிசையாகக் கிடத்தி, ஒரு வரிசையின் காயை அடுத்த வரிசையின் தாள் மூடுமாறு பரப்புவோம்; வெயில் நேரே காயில் பட்டால் தோல் வெந்துவிடும். பிறகு பொடியையும் இரட்டைக் காயையும் அடிபட்டதையும் கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இந்த வேலையில் மாமியார் யாரையும் நம்பமாட்டார். ஒரு காயை விரலால் கழுத்தில் அழுத்திப் பார்த்து, மெத்தென்றிருந்தால் தூக்கிப் போடுவார். பட்டறை என்பது தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கல் வைத்து, மூங்கில் பரப்பி, நாலடிக்கு மேற்படாத அகலத்தில், இரு பக்கமும் மூங்கில் தட்டி கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்தது. அகலம் கூடினால் நடுவில் காற்றுப் போகாமல் சூடேறி அழுகும். நீளவாக்கு காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் எடை குறையாமல் இருக்காது. நல்ல ஆண்டில் நூறு கிலோ போட்டால் எழுபத்தைந்து எடுப்போம். ஒரு வருடம் சித்திரையில் கோடை மழை நான்கு நாள் விடாமல் பெய்து, கீற்று வழியாகச் சாரல் இறங்கி, பாதிப் பட்டறையைக் குப்பையில் கொட்டினோம். அந்த வாடை பதினைந்து நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆகையால் எல்லாவற்றையும் பட்டறையில் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். தோட்டக்கலைத் துறையில் 25 டன் கொள்ளும் சேமிப்புக் கொட்டகைக்கு, 1,75,000 ரூபாய் மதிப்பில் பாதியை, 87,500 ரூபாயை, மானியமாகத் தந்தார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் கட்டினார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் கேட்க வந்தது வேறு. சீட்டைப் பார்த்தேன். எல்லாரும் பத்து விழுக்காட்டையே பார்க்கிறீர்கள். எனக்கு அந்த 25,000 ரூபாய்தான் கண்ணை உறுத்தியது. ஏக்கருக்கு ஐந்நூறு, அறுநூறு கிலோ விதை வெங்காயம் வேண்டும். நடுகிற சமயத்தில் விதை விலை ஏறியிருக்கும். கையில் பணமில்லாமல் கடைக்காரரிடம் வாங்கினீர்கள். அவர் வட்டி கேட்டிருக்கமாட்டார். ஆனால் அன்றைக்கே உங்கள் சரக்கு எந்தக் கடைக்கு, எந்த வாரம் போகும் என்பது முடிவாகிவிட்டது. விலை குறைவாயிருந்தும் அவரை விட்டு வேறு கடைக்கு ஏற்றியிருக்க முடியுமா?

ஆலத்தூர்க்காரன்:

முடியாது. உண்மையைச் சொன்னால், மாசி முதல் வாரமே பறித்ததற்குக் காரணமும் அதுதான். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் காய் கொஞ்சம் பெருத்திருக்கும். கடையிலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை:

அம்மா சொன்னதை மறுக்கமாட்டேன். முன்பணம் கொடுக்காத கடைக்குச் சரக்கு வராது. எங்கள் கடையில் இந்தப் பட்டத்தில் மட்டும் 84 பேருக்குக் கொடுத்திருக்கிறோம். அப்பா இதற்கென்று தனியாக ஒரு சிவப்பு நோட்டு வைத்திருக்கிறார். வீட்டில் நகைப் பெட்டியைவிட அந்த நோட்டுக்குத்தான் பூட்டு பலம்.

பழைய கண்காணிப்பாளர்:

முப்பத்தோராண்டு வேலை பார்த்தும், விற்பனை என்றால் பறித்த பிறகு நடப்பது என்றே எங்கள் படிவங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. பொருளீட்டுக் கடன்கூடச் சரக்கு கிடங்குக்கு வந்த பிறகுதான்.

ஆலத்தூர்க்காரருக்கு ஒரு சிறு யோசனை. எடையளவு முத்திரையிட்ட மின்னணுத் தராசில் காட்டிலேயே நிறுத்து, மூட்டைவாரியாக எழுதி, லாரி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தை நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை பார்க்கிறது என்பது பல விவசாயிகளுக்குத் தெரியாது. புகார் கொடுக்க வேண்டியதுகூட இல்லை. காகிதம் இருந்தாலே பேச்சு மாறும்.

ஆலத்தூர்க்காரன்:

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மீதி ஒன்பது டன்னில் ஐந்தரை டன் அதே மண்டிக்குத்தான் போனது. விலை 21 ரூபாயிலிருந்து 27 வரை ஏறி இறங்கியது. மூன்று நாள் காயவைத்து, தாள் சுத்தமாக அறுத்து, ஓட்டுநரின் கையெழுத்திட்ட எடைப்பட்டியலோடு அனுப்பினேன். முதல் தடவை கடையில் சிரித்தார்கள். இரண்டாம் தடவை மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு என்று எழுதியிருந்தார்கள். கமிஷனில் மாற்றமில்லை.

600 கிலோவை ஐந்து கிலோ பைகளாகக் கட்டி, நண்பர் ஒருவர் மூலம் திருச்சியில் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனேன். கிலோ 38 ரூபாய்க்கு 410 கிலோ விற்றது. மீதி 190 கிலோவை ஓர் உணவகத்துக்கு 25 ரூபாய்க்குக் கொடுத்தேன். வண்டி வாடகை 2,800, பைகளுக்கு 600 போக 16,930 ரூபாய். கிலோவுக்கு 28 ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் நானும் மனைவியும் இரண்டு முழு நாட்கள் வாசலில் நின்றோம். ஒரு பாட்டி ஒவ்வொரு பையையும் பிரித்துக் கொட்டிப் பொறுக்கினார். பட்டறை வீட்டு மாமியாரை நினைத்துக்கொண்டேன். 600 கிலோவுக்கு இது சரிப்படும், ஒன்பது டன்னுக்குச் சரிப்படாது.

மிச்சம் 2,900 கிலோ பட்டறையில் இருக்கிறது. மூங்கிலும் கீற்றும் கூலியும் சேர்த்து 11,000 ரூபாய் ஆயிற்று. சித்திரை மழைக்குத் தார்ப்பாய் போட்டு, மழை விட்டதும் அதை உடனே எடுத்து, மறுபடி மேகம் வந்ததும் போட்டு, இரவில் இரண்டு முறை எழுந்தேன். ஓர் ஓரத்தில் நாலைந்து கூடை அழுகியது. மற்றவை கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வருகிறது. அதில் எவ்வளவை விதைக்கு ஒதுக்குவது, எவ்வளவை விற்பது என்பதில் குழப்பம். விற்றால் இப்போது 46 ரூபாய் கேட்கிறார்கள். வைகாசிக் கடைசியில் நடுவதற்கு 1,400 கிலோ வேண்டும். கையில் பணம் வேண்டும் என்ற நெருக்கடியும் இருக்கிறது. நேற்று மண்டியிலிருந்து தொலைபேசியில் "விதைக்குப் பணம் வேண்டுமா?" என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பட்டறை வீடு:

விதையில் கை வைக்காதீர்கள். 1,400 கிலோ போதாது. முளைக்காததும் பொடியும் போக நிற்க வேண்டுமானால் 1,600 ஒதுக்குங்கள். மீதியை மட்டும் விற்று அந்தப் பணத்தில் உழவையும் அடியுரத்தையும் பாருங்கள். குறைந்தால் என்னிடம் எழுதுங்கள், அடுத்த வாரம் எங்கள் பட்டறையைப் பிரிக்கிறோம். முன்பணம் எதுவும் வேண்டாம். உங்கள் பட்டறையிலிருந்து அடுத்த பட்டத்தில் அதே எடைக்கு விதையாகவே திருப்பிக் கொடுத்தால் போதும். மாமியார் காயின் கழுத்தை அழுத்திப் பார்ப்பார், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.